1997 ராம் 2500, 12-வால்வ் கம்மின்ஸ்: 10,000 பவுண்ட் டிரெய்லர் இழுக்க எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

நாலுசக்கரம்:

வண்டி 1997 டாட்ஜ் ராம் 2500. 5.9 லிட்டர் கம்மின்ஸ் 12-வால்வ், 47ஆர்ஈ ஆட்டோமேட்டிக், 4x4, கிளப் கேப், லாங் பெட், பின் ஆக்ஸில் கியர் ரேஷியோ 3.54. ஓடோமீட்டரில் 2,14,000 மைல். எஞ்சின் கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கு, கேஜ் எதுவும் கூடுதலா இல்லை.

இழுக்க வேண்டியது 20 அடி ஃப்ளாட்பெட், பம்பர் புல் (வண்டியோட பின் பம்பர் பக்கத்துல மாட்டற வகை), இரண்டு 7,000 பவுண்ட் ஆக்ஸில். காலியா 3,500 பவுண்ட். மேலே லோடரோட ஒரு டிராக்டர், பின்னாடி புஷ் ஹாக் (புதர் வெட்டற கருவி), ரெண்டும் சேர்ந்து 6,500. ஆக மொத்தம் 10,000 பவுண்ட். டெக்சஸ்ல பெரும்பாலும் சமதரை, ஆனா ஐ-25 வழியா ரேட்டன் கணவாய் ஏறி கொலராடோ போற வேலையும் உண்டு.

கேள்விகள்: பவர் ஏத்தணுமா? ஃப்யூயல் பிளேட் (பம்ப் எவ்வளவு டீசல் விடலாம்னு எல்லை வைக்கிற தகடு) மாத்தச் சொல்றாங்க. டிரான்ஸ்மிஷன் தாங்குமா? எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக் குழாயை அடைச்சு எஞ்சினாலயே வேகத்தைக் குறைக்கிறது) போடலாமா? கையில இருக்கிற காசுக்கு எதை முதல்ல செய்யறது?

---

பழையஇரும்பு:

இழுக்கிறதைப் பத்தி இந்த எஞ்சின் கவலைப்படாது. நிறுத்துறதும் நேரா ஓடுறதும்தான் முதல் வேலை. அதனால வண்டிக்குப் பின்னாடி இருந்து ஆரம்பிக்கிறேன்.

டங் வெயிட் (டிரெய்லரோட மூக்கு ஹிட்ச் மேல அமுக்கற எடை) டிரெய்லரோட மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் இருக்கணும், உங்களுக்கு 1,000 முதல் 1,500 பவுண்ட். 1,300னு வைங்க. கிளப் கேப் லாங் பெட்டோட வீல்பேஸ் சுமார் 155 அங்குலம், பின் ஆக்ஸில்ல இருந்து ஹிட்ச் பால் (டிரெய்லர் மாட்டற உருண்டை) வரைக்கும் 57 அங்குலம்னு எடுத்தா, வெறும் பால் மவுண்ட்ல மாட்டும்போது பின் ஆக்ஸில்ல 1,300 இல்ல, சுமார் 1,780 ஏறும். முன் ஆக்ஸில்ல 480 குறையும். ஸ்டியரிங் லேசாகி, நெடுஞ்சாலையில வண்டி அலைபாயறதுக்குக் காரணம் இதுதான். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (ஸ்பிரிங் பார்களால எடையை முன் ஆக்ஸிலுக்கும் பகிர்ற ஹிட்ச்) கட்டாயம். ரிசீவர்ல (ஹிட்ச் சொருகற சட்டம்) ஒட்டியிருக்கிற லேபிளைப் படிங்க, அதுல ரெண்டு எண் இருக்கும்: வெறும் பால் மவுண்டுக்கு ஒண்ணு, டிஸ்ட்ரிபியூஷன் பார் போட்டா ஒண்ணு. அந்தக் காலத்து ரிசீவர்கள் பலதுல முதல் எண் 5,000தான். துரு பிடிச்சு லேபிள் போயிருந்தா, ஃப்ரேம்ல போல்ட் ஆகிற புது ரிசீவர் வாங்கிடுங்க.

பார் இறுக்கம் சரியான்னு பார்க்க முன் வீல் ஆர்ச் உயரத்தை மூணு தடவை அளங்க: டிரெய்லர் இல்லாம, பார் இல்லாம மாட்டி, பார் போட்டு. மாட்டினதும் முன்னாடி எவ்வளவு தூக்கிச்சோ அதுல பாதியாவது திரும்ப இறங்கணும். அப்புறம் டிரக் ஸ்டாப்ல இருக்கிற கேட் (CAT) எடை மேடையில ஏத்தி ஆக்ஸில் வாரியா எடை போடுங்க. ஜிவிடபிள்யூஆர் (லோடோட வண்டி இருக்கலாம்னு கம்பெனி சொல்ற அதிகபட்ச எடை) 8,800. வண்டி, ஆள், டீசல் எல்லாம் சேர்த்து 6,600னா டங் வெயிட்டும் ஹிட்சும் சேர்ந்தாலும் உள்ளே நிக்கும். ஆனா கதவுல இருக்கிற ஸ்டிக்கர்ல பின் ஆக்ஸில் அளவைத் தனியா பாருங்க. எல்டி245/75ஆர்16 லோட் ரேஞ்ச் ஈ டயர் 80 பிஎஸ்ஐல 3,042 பவுண்ட் தாங்கும். அதுக்குக் கம்மியான டயர் மாட்டியிருந்தா ஸ்டிக்கர் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கான எல்லை ஆக்ஸில் ரேஷியோவுக்கு ஏத்த மாதிரி ஓனர்ஸ் மேனுவல்ல தனியா இருக்கும். 3.54க்கு உள்ள வரியைப் பாருங்க, 4.10க்கு உள்ளதைப் பார்த்துட்டு சந்தோஷப்படாதீங்க.

டிராக்டரை ஏத்துற இடமும் முக்கியம். டிரெய்லர் ஆக்ஸில்களோட நடுவுல இருந்து பால் வரைக்கும் 16 அடின்னா, 6,500 பவுண்டை ஒரு அடி முன்னாடி நகர்த்தினா டங்ல சுமார் 400 பவுண்ட் கூடும். ஒரு தடவை ஸ்கேல்ல சரியா வந்ததும், முன் டயர் நிக்கிற இடத்தை டெக்ல பெயின்ட்ல கோடு போட்டு வச்சிடுங்க. கட்டுறதுக்கு 3/8 அங்குல கிரேடு 70 சங்கிலி நாலு. ஒவ்வொண்ணுக்கும் 6,600 பவுண்ட் ஒர்க்கிங் லோடு. லோடர் பக்கெட்டையும் புஷ் ஹாக்கையும் தனித்தனியா கட்டணும், டிராக்டரைக் கட்டினா போதும்னு விடாதீங்க.

டிரெய்லர் டயர் தேதியைப் பாருங்க. பக்கச்சுவர்ல டாட் எண்ணோட கடைசி நாலு இலக்கம் வாரமும் வருஷமும். 2318னா 2018ன் 23வது வாரம். ஆறு வருஷம் தாண்டினதை டெக்சஸ் வெயில்ல லோடோட ஓட்ட வேண்டாம், பட்டன் எவ்வளவு மீதி இருந்தாலும் சரி.

பிரேக்: நேரம் வச்சு ஏறுகிற பழைய பெட்டி வேண்டாம், டெக்கோன்ஷா பி3 மாதிரி ப்ரொபோர்ஷனல் (வண்டி குறையற வேகத்துக்கு ஏத்த மாதிரி டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்கிற) கன்ட்ரோலர் வைங்க. டிரெய்லர் பிரேக்குக்குப் போற நீல ஒயர் 10 கேஜ் இருக்கணும். 12 அங்குல டிரம் பிரேக் மேக்னட் ஒண்ணு சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், நாலும் சேர்ந்து 12, 13. நீல ஒயர்ல அம்மீட்டர் தொடரா மாட்டி, கன்ட்ரோலர்ல கையால முழுசா தள்ளிப் பாருங்க. 9 காட்டினா ஒரு மேக்னட் செத்துப்போச்சு. 6 காட்டினா பெரும்பாலும் ஒரு ஆக்ஸிலுக்குப் போற ஒயர் அறுந்திருக்கும், இல்ல கிரவுண்ட் துருப்பிடிச்சிருக்கும். டிரம் அட்ஜஸ்ட்மென்ட் பழைய ஆக்ஸில்கள்ல கையாலதான்: சக்கரம் உரசி நிக்கிற வரை இறுக்கி, லேசா உரசிக்கிட்டே சுத்துற அளவுக்குத் திருப்பி விடணும். பிரேக்அவே பேட்டரியையும் (டிரெய்லர் கழண்டா தானா பிரேக் பிடிக்க வைக்கிறது) சோதிங்க. பின்னை இழுத்தா சட்டப்படி 15 நிமிஷம் பிரேக் பிடிச்சு நிக்கணும்.

---

டீசல்புகை:

எல்லாம் சரி, ஆனா ஆட்டோமேட்டிக்ல வந்த 97 எஞ்சின் 180 குதிரை, 420 பவுண்ட்-அடிதான். மேனுவல்ல வந்ததே 215. பி7100 டீசல் இன்ஜெக்ஷன் பம்ப்ல ஃப்யூயல் பிளேட்டை முன்னாடி நகர்த்தறது அரை மணி வேலை, செலவு பூஜ்யம். ஏஎஃப்சி (டர்போ பூஸ்ட்டுக்கு ஏத்தபடி டீசலைக் கட்டுப்படுத்தற பாகம்) ஸ்டார் வீலைக் கொஞ்சம் திருப்பினா கீழே இருந்தே இழுக்கும். அந்த எடையோட நெடுஞ்சாலை ராம்ப்ல ஏறும்போது வித்தியாசம் தெரியும்.

---

எண்ணெய்க்கை:

டீசல்புகை சொன்னது பொய் இல்லை, வரிசைதான் தப்பு. பைரோமீட்டர் (எக்ஸாஸ்ட் வெப்பம் காட்டற கேஜ்) இல்லாத வண்டியில பிளேட்டைத் தொடக் கூடாது. டீசல் கூடி காற்று கூடலைன்னா எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறும். டர்போவுக்கு முன்னாடி அளந்தா தொடர்ச்சியா 1,250 ஃபாரன்ஹீட் எல்லை. காலி வண்டியில பத்து விநாடி 1,400 போனா எதுவும் ஆகாது. ரேட்டன்ல 10,000 பவுண்டோட அதே 1,400ல நிமிஷக்கணக்கா போனா அலுமினியம் பிஸ்டன் தலை உருக ஆரம்பிக்கும். கணவாய் உச்சி 7,834 அடி, காற்று மெலிசு. ஹூஸ்டன்ல 1,150 காட்டுற அதே மிதி அங்கே இன்னும் மேல போகும்.

பைரோ புரோப் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்ல, டர்போ ஃபிளேஞ்சுக்குக் கிட்ட, பின் மூணு சிலிண்டர் பக்கம். 11/32 ட்ரில், 1/8 என்பிடி டேப். டர்போவைக் கழட்டிட்டுத் துளை போடறதுதான் உத்தமம். கழட்ட மனசில்லைன்னா ட்ரில்லுக்கும் டேப்புக்கும் கிரீஸ் பூசி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைச்சு, கடைசியில உள்ளே காந்தம் விட்டுப் பார்க்கணும். ஒரு இரும்புத் துணுக்கு டர்பைன் இறக்கையில பட்டா முழு டர்போ (எச்எக்ஸ்35) விலையில போய் நிக்கும். கூடவே பூஸ்ட் கேஜும் டிரான்ஸ்மிஷன் டெம்பரேச்சர் கேஜும் போட்டுடுங்க. மூணும் இல்லாம மலை ஏறாதீங்க.

அதுக்கும் முன்னாடி, கில்லர் டவல் பின். டைமிங் கியர் கேஸை பிளாக்கோட நேராக்குற சின்ன இரும்பு முளை அது. பிடிச்சு நிறுத்த எதுவும் கிடையாது. அதிர்வுல வருஷக்கணக்கா ஊர்ந்து வெளியே வந்து கியர்களுக்கு நடுவுல விழுந்தா கேஸ் உடையும், சில சமயம் கேமும் போகும். 2,14,000 மைல்ல யாராவது பார்த்திருக்காங்களான்னு பில் இல்லைன்னா, பார்க்கலைன்னுதான் அர்த்தம். ஃபேன், பெல்ட், டேம்பர், முன் கவர் கழட்டணும். டவல் பின், கேம் கியர் பக்கத்துல தெரியும். வெளியே வந்திருந்தா உள்ளே தட்டி, பக்கத்து கேஸ் போல்ட்டுக்கு அடியில ஒரு உலோக நாக்கை வச்சு பின்னை மறைச்சு, போல்ட்டுல லாக்டைட் (மரை தளராம பிடிக்கிற பசை) போட்டு 18 பவுண்ட்-அடி. திறந்ததுதான் திறந்தாச்சு, மத்த கேஸ் போல்ட்டுகளையும் ஒண்ணொண்ணா எடுத்து லாக்டைட் போடுங்க, அதுவும் தளர்ந்து விழற ஜாதிதான். புது கிராங்க் சீலைக் காய்ஞ்ச, எண்ணெய்ப் பிசுக்கே இல்லாத ஷாஃப்ட்லதான் ஏத்தணும். பழக்கத்துல எண்ணெய் தடவினா ஒழுகும். டேம்பர் போல்ட் 92 பவுண்ட்-அடி.

அடுத்து டீசல் சப்ளை. பவர் குறையுதுன்னு சொல்ற பல 12-வால்வ்ல பிளேட் காரணம் இல்லை, ஓவர்ஃப்ளோ வால்வோட (பம்ப்ல மிச்சமான டீசலைத் திருப்பி அனுப்பற வால்வ்) ஸ்பிரிங் தளர்ந்ததுதான். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல கேஜ் மாட்டி 2,500 ஆர்பிஎம்ல பாருங்க. 25 பிஎஸ்ஐக்கு மேல இருக்கணும், 30 நல்லது. 15, 18 காட்டினா ரிட்டர்ன் குழாயை ஒரு நொடி லேசா நெருக்கிப் பாருங்க. பிரஷர் ஜிவ்வுன்னு ஏறினா லிஃப்ட் பம்ப் (டேங்க்ல இருந்து டீசல் இழுக்கற பம்ப்) நல்லா இருக்கு, வால்வுதான் போயிருக்கு. ஏறலைன்னா லிஃப்ட் பம்ப், இல்லைன்னா டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல காற்று இழுக்குது. ரப்பர் துண்டுகள் ரெண்டு இடத்துல வெடிக்கும்: லிஃப்ட் பம்ப் பக்கத்துல ஒண்ணு, எஞ்சினுக்குப் பின்னாடி பெல் ஹவுசிங் மேல ஒண்ணு. ரெண்டாவதைக் கண்ணால பார்க்க முடியாது, கையை விட்டுத் தடவணும். காலையில ரொம்ப நேரம் சுத்தி ஸ்டார்ட் ஆகுதுன்னா முதல் சந்தேகம் அங்கேதான்.

வால்வ் லாஷ் (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவுல விடற இடைவெளி): இன்டேக் 0.010, எக்ஸாஸ்ட் 0.020 அங்குலம், எஞ்சின் ஆறியிருக்கணும். முதல் சிலிண்டர் டிடிசியில (பிஸ்டன் உச்சியில நிக்கிற நிலை) இன்டேக் 1, 2, 4. எக்ஸாஸ்ட் 1, 3, 5. முழுசா ஒரு சுத்து சுத்தி இன்டேக் 3, 5, 6. எக்ஸாஸ்ட் 2, 4, 6. டைமிங் பின்னை உள்ளே தள்ளி டிடிசி பிடிச்சிருந்தா, சுத்தறதுக்கு முன்னாடி வெளியே இழுக்க மறக்காதீங்க. அது பிளாஸ்டிக், முறிஞ்சு உள்ளே விழும்.

இதெல்லாம் முடிச்சு, கேஜைப் பார்த்து ஒரு தடவை லோடு இழுத்ததுக்கு அப்புறம், 1,250க்குக் கீழே இடம் மிச்சம் இருந்தா பிளேட்டைக் கொஞ்சம் நகர்த்துங்க. ஆனா அந்தக் கூடுதல் டார்க் எங்கே போய் இறங்கும்னு அடுத்தவர் சொல்வார்.

---

கியர்வாத்தி:

47ஆர்ஈலதான் இறங்கும். அந்தப் பெட்டி கெட்டது இல்லை, கம்மின்ஸோட டார்க்கை லோடோட சேர்த்துத் தாங்கற அளவுக்குக் டார்க் கன்வர்ட்டரோட (எஞ்சினையும் கியர்பெட்டியையும் எண்ணெய் வழியா இணைக்கிறது) கிளட்சைக் கம்பெனி செய்யல, அவ்வளவுதான். பிளேட் நகர்த்தின உடனே லாக்கப்ல (கிளட்ச் கன்வர்ட்டரை நேரடியா பூட்டற நிலை) வழுக்கும். வழுக்கினா சூடு, சூட்டுல ஏடிஎஃப் (டிரான்ஸ்மிஷன் எண்ணெய்) கருகும், மீதி கிளட்ச்களும் அதோட போகும். பவருக்கு வச்சிருக்கிற காசை டிரான்ஸ்மிஷன்ல போடுங்க: ஸ்டால் (கன்வர்ட்டர் முழுசா பிடிக்கிற ஆர்பிஎம்) குறைவான நல்ல கன்வர்ட்டர், லைன் பிரஷர் ஏத்தின வால்வ் பாடி, ஆழமான ஆயில் பேன். எஞ்சினைத் தொடாமலே வண்டி இழுக்கிற விதம் மாறும், ஏன்னா இப்ப பவர்ல ஒரு பங்கு கன்வர்ட்டர்ல சூடாப் போகுது.

பிரிக்காம இன்னிக்கே செய்யக்கூடியது: டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள். த்ராட்டில் லீவரோட சேர்ந்து டிரான்ஸ்மிஷனுக்குப் போற கேபிள் அது, லைன் பிரஷரை அதுதான் தீர்மானிக்குது. ஐடில்ல தொய்வு இருக்கக் கூடாது, இழுப்பும் கூடாது. பெடல் அசைஞ்ச கணமே ரெண்டும் சேர்ந்து அசையணும். தொய்வா இருந்தா ஷிஃப்ட் ரொம்ப மெத்துன்னு இருக்கும், ஓட்டறவருக்கு சுகமா இருக்கும், உள்ளே கிளட்ச் வெந்துக்கிட்டு இருக்கும். ஏடிஎஃப்+4, ஃபில்டர், பேண்ட் அட்ஜஸ்ட்மென்ட் மூணையும் ஒரே தடவையில முடிங்க. பேனைக் கழட்டும்போது அடியில இருக்கிற காந்தத்தைப் பாருங்க. சாம்பல் நிறப் பசை சாதாரணம். கறுப்புத் தூளும் எரிஞ்ச வாடையும் வந்தா, டிரெய்லர் மாட்டற பேச்சையே தள்ளி வைங்க.

ஓட்டற விதம்: உங்க 3.54, 245/75 டயருக்கு 60 மைல்ல ஓவர்டிரைவ் சுமார் 1,600 ஆர்பிஎம், மூணாவது கியர் சுமார் 2,340. ஏற்றத்துல ஓடி (ஓவர்டிரைவ்) ஆஃப் பட்டனை அமுக்கி மூணுல லாக்கப்போட போங்க. 1,600ல அமுக்கி மிதிச்சா எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறும், காற்று வராது. 40 மைலுக்குக் கீழே விழுந்து லாக்கப் விட்டா கன்வர்ட்டர் சூடு பிடிக்கும், இந்தப் பெட்டி கம்பெனி அமைப்புல ரெண்டாவது கியர்ல லாக் ஆகாது. அதனால ஏற்றம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வேகத்தைப் பிடிச்சு வைங்க. சென்சர் பேன்ல இருந்தா 200 ஃபாரன்ஹீட்டுக்குப் பக்கத்துல நிக்கணும். கூலருக்குப் போற லைன்ல இருந்தா கொஞ்ச நேரம் அதைவிட நல்லாவே மேல போகும், பயப்படாதீங்க. எங்கே மாட்டினீங்கன்னு தெரியாம எண்ணை மட்டும் சொல்லி விவாதிக்கிறது வீண்.

---

நாலுசக்கரம்:

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. ரெண்டு விஷயம் பாக்கி. எக்ஸாஸ்ட் பிரேக் பத்தி யாரும் சொல்லல. இன்னொண்ணு, காலி வண்டியிலேயே 45 மைல் பக்கத்துல லாக்கப் பிடிச்சு விட்டு, பிடிச்சு விட்டு ஆட்டுது. ஆர்பிஎம் முள் 200, 300 ஏறி இறங்குது. கன்வர்ட்டர் போயிடுச்சா?

---

கியர்வாத்தி:

கன்வர்ட்டர் வாங்கறதுக்கு முன்னாடி ஆல்டர்னேட்டரைப் பாருங்க தம்பி. டயோடு பலவீனமானா ஏசி சத்தம் ஒயரிங்ல கலந்து டிபிஎஸ் (பெடல் நிலையைச் சொல்ற சென்சர்) சிக்னலைக் கெடுக்கும். கம்ப்யூட்டர் பெடலை விட்டுட்டாங்கன்னு நினைச்சு லாக்கப்பை விடும். எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரை ஏசியில வச்சு பேட்டரியில அளங்க, 0.1 வோல்ட் தாண்டினா சந்தேகம் உறுதி. இன்னும் நிச்சயம் வேணும்னா ஆல்டர்னேட்டர் ஃபீல்டு கனெக்டரைக் கழட்டிட்டு ஒரு சுத்து ஓட்டுங்க, ஆட்டம் நின்னா அதுதான். அதோட ரெண்டு பேட்டரியோட கிரவுண்ட் ஒயர்களையும் கழட்டித் தேய்ச்சு மாட்டுங்க. அதுக்கும் அடங்கலைன்னா டிபிஎஸ் வோல்டேஜ். பெடலை மெதுவா அமுக்கும்போது எங்கேயும் குதிக்காம சீரா ஏறணும்.

---

எண்ணெய்க்கை:

எக்ஸாஸ்ட் பிரேக்: இந்த எஞ்சினுக்கு ரொம்ப நல்ல பொருள், ஆனா உங்க வண்டியில இப்ப மாட்டாதீங்க. ரெண்டு தடை. ஒண்ணு, கம்பெனி எக்ஸாஸ்ட் வால்வ் ஸ்பிரிங் அந்தப் பின் அழுத்தத்துல வால்வை மூடிப் பிடிச்சு வைக்காது, மிதந்துடும். 60 பவுண்ட் ஸ்பிரிங் எக்ஸாஸ்ட் பக்கம் ஆறுக்கும் போடணும். ஹெட்டைக் கழட்ட வேண்டாம், அந்தந்த சிலிண்டரை டிடிசிக்குக் கொண்டுவந்தா வால்வ் பிஸ்டன் மேல உட்கார்ந்துக்கும், உள்ளே விழாது. லாஷ் வைக்கிற அன்னைக்கே இதையும் செஞ்சா ரெண்டு வேலை ஒரே திறப்புல முடியும்.

ரெண்டாவது தடை டிரான்ஸ்மிஷன். பெடலை விட்டதும் 47ஆர்ஈ லாக்கப்பை விடும், டிவி கேபிள் தளர்றதால லைன் பிரஷரும் இறங்கும். எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்கிறதோ அப்பத்தான். லாக்கப் இல்லாம பிரேக் பாதிதான் வேலை செய்யும், பிரஷர் இல்லாம மூணாவது கியரோட கிளட்ச் வழுக்கும். பில்ட் பண்ணின வால்வ் பாடியும், பிரேக் ஆன் ஆகும்போது லாக்கப்பைப் பிடிச்சு வைக்கிற கன்ட்ரோலரும் வந்ததுக்கு அப்புறம் மாட்டுங்க. அதுவரைக்கும் ரேட்டன் இறக்கத்துல உச்சியிலேயே 45க்குக் குறைச்சு ஓடி ஆஃப் போட்டு, டிரெய்லர் பிரேக் கெயினை (கன்ட்ரோலர்ல வைக்கிற பிரேக் பலம்) கொஞ்சம் ஏத்தி, அமுக்கி விட்டு அமுக்கி விட்டு இறங்குங்க. காலை பெடல்லயே லேசா வச்சுக்கிட்டு இறங்கினா முன் ரோட்டர் நீலமாகும்.

---

பழையஇரும்பு:

கெயின் எவ்வளவுன்னு கேட்பீங்க, அதனால இதையும் சொல்லிடறேன். லோடு ஏத்தி, காலி மைதானத்துல 25 மைல் வேகத்துல கன்ட்ரோலரைக் கையால மட்டும் முழுசா தள்ளுங்க. டிரெய்லர் சக்கரம் லாக் ஆகி இழுபட்டா கெயினைக் குறைங்க, லாக் ஆகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நிக்கிற இடம்தான் உங்க எண். டிரெய்லர் காலியா திரும்பும்போது அதே எண்ணுல விட்டா டயர் தேய்ஞ்சு தட்டையாகும், பாதிக்குக் கீழே இறக்கணும். மழையில இன்னும் கொஞ்சம். பிரேக்கை முதல்ல நாலஞ்சு தடவை பிடிச்சு சூடாக்கிட்டு அளங்க, சூடாகாம இருக்கிற டிரம் தப்பான எண் காட்டும்.